முகத்துவாரத்தை அடைத்துவிட்டு வடிகாலா?

வடசென்னையின் வெள்ளத் தடுப்பை மழைநீர் வடிகாலின் நீளத்தைக் கொண்டே அளக்கும் வழக்கம் அரசு அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்த 25.1 கோடி டாலர் கடனுதவியோடு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் அடங்கும் திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் உள்ளிட்ட பகுதிகளில் 588 கி.மீ. நீளத்துக்குப் புதிய வடிகால்களைக் கட்டுவதும் 175 கி.மீ. நீளமுள்ள பழையவற்றைச் சீரமைப்பதும் சென்னை மாநகராட்சி கையில் எடுத்த திட்டத்தின் முதன்மையான பணிகள். திட்டம் தேவையானதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனை வடிகால்களும் சுமந்துவரும் நீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே அதற்கு இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை காணாமல் தெருத்தெருவாகச் சுவர் எழுப்புவது, அடைபட்ட வாயை விட்டுவிட்டுத் தொண்டையை அகலப்படுத்தும் வேலையாகவே முடியும்.

ஆந்திர எல்லைப் பகுதியிலும் ராணிப்பேட்டைப் பக்கத்திலும் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு, பூண்டி நீர்த்தேக்கம், தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள் ஆகியவற்றைக் கடந்து, சுமார் 136 கி.மீ. ஓடி எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாறு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டும் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கரைபுரண்டும் ஓடும் சமவெளி ஆறு. 1944இல் பூண்டி அணை கட்டப்பட்ட பிறகு பாசன ஆறாக இருந்தது நகரத்தின் குடிநீர் ஆறாக மாறியது. அடுத்து அதன் படுகையின் நிலத்தடி நீரையும் நகரம் உறிஞ்சத் தொடங்க, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கடல்நீர் ஏறியது. பின்னர் 2010இல், அதே பகுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆற்றை வற்ற வைத்துவிட்டுக் கடலைக் குடிக்கப் போன இந்த வரிசையைத் திட்டமிடல் என்று அழைப்பது பெருந்தன்மை.

திருவொற்றியூர்ப் பகுதியிலுள்ள காலடிப்பேட்டை இந்த ஆற்றின் கரையில் இல்லை. ஆயினும் அதன் வெள்ளக் கணக்கு இந்த ஆற்றோடுதான் முடிச்சிடப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுநர் ஜோசப் காலெட்டின் காலத்தில் நெசவாளர்களுக்காக உருவான இக்குடியிருப்பு, கிழக்கே கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே அமைந்த தாழ்ந்த மணற்பாங்கான பகுதி. கடற்கரை மேடு தடுப்பதால் இங்குள்ள தெருக்களின் மழைநீர் கிழக்கே போக வழியின்றி மேற்கே கால்வாயில் இறங்கி, வடக்கே எண்ணூர் கழிமுகத்தை நாடுகிறது. கழிமுகம் என்பது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் தாழ்நிலம். முகத்துவாரம் என்பது அது கடலில் திறக்கும் வாய். புழல் ஏரியின் உபரிநீரும் மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. சென்னைக் கடலில் ஓதம், அதாவது அலையேற்ற இறக்கம், பெரிய அளவில் சுமார் 1 மீட்டர்தான் என்றாலும், கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கும் நிலத்துக்கு அந்த 1 மீட்டரே பெரிது: ஏற்றத்தின்போது கடல் ஆற்றைத் தடுத்து நிறுத்தும், அந்தச் சில மணி நேரத்துக்கு வெள்ளம் எங்காவது பரந்து நின்றாக வேண்டும். அப்படி நிற்க இயற்கை ஒதுக்கிய இடமே கழிமுகத்தின் சதுப்பும் உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும். 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர் திறந்துவிடப்பட்டபோது மணலி புதுநகர் மூழ்கியதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளம் நிற்க வேண்டிய அந்தக் கழிமுக நிலத்தைத்தான் தொழில் வளர்ச்சி தின்று தீர்த்தது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குச் செல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, நீரில் கரைத்த நிலக்கரிச் சாம்பலை ஆற்றுப்படுகையில் படிய வைத்தன. பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் இறால் தடவி எடுக்கும் இருளர் பெண்களின் விரலுக்குச் சேற்றுக்குப் பதில் சிமெண்டுபோல் இறுகிய சாம்பல்தான் தட்டுப்படுகிறது என்பதைவிட இதற்குத் துல்லியமான அளவீடு தேவையில்லை. படகு மிதந்த இடத்தில் ஆள் நடந்து போகும் அளவுக்குப் படுகை உயர்ந்தால், அங்கே மீனுக்கு மட்டுமல்ல, வெள்ளத்துக்கும் இடமில்லை. பாடு முறையில், அதாவது முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஒழுங்கில் வாழும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். வெள்ளத் தடுப்புத் திட்டங்களை வகுப்பவர்களுக்கோ அவர்கள் நிவாரணம் கேட்கும் கூட்டமாக மட்டுமே தெரிகிறார்கள்.

கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் இக்கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது தரப்பட்ட வேறொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணவில்லை என்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. தரையில் இருக்கும் நீர்நிலை தாளில் இல்லாமல் போனால், அதன்மேல் எழும் எந்தக் கட்டுமானமும் ஆக்கிரமிப்பாகத் தெரியாது. இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்து வலையிலும் படகிலும் அலையாத்தி வேரிலும் கருங்குழம்பாக அப்பியது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, படகைச் சரிசெய்ய ரூ.10,000 என நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சேற்றில் கம்பளம்போல் படர்ந்து இறால் வளரும் தளத்தை மூடிவிடும் ‘காக்கா ஆழி’ என்னும் அயல்நாட்டுச் சிப்பியின் பெருக்கமும் இந்தப் பாதிப்புகளோடு சேர்ந்துகொண்டது. நிவாரணத் தொகை ஒரு பருவத்தின் வருமானத்துக்கே ஈடாகாது; ஆற்றுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

மின்சாரமும் துறைமுகமும் வேண்டாமா என்ற எதிர்க்கேள்வி எழும். அவை வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டே இத்தலையங்கம் வாதிடுகிறது: கசியாத குழாயும் மூடிய சாம்பல் போக்குவரத்தும் அனல்மின் நிலையத்தை மூடச் சொல்லும் கோரிக்கைகள் அல்ல. கழிமுகத்தில் மண் கொட்டித்தான் தொழில் வளர முடியும் என்பவர்கள், அடுத்த வெள்ளத்தில் தங்கள் ஆலைகளுக்குள் புகும் நீருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே மாநில அரசு 1996ஆம் ஆண்டு வரைபடத்தையே சட்டபூர்வமானதாக அறிவித்து, கழிமுகத்தை வடசென்னையின் வெள்ளக் கட்டமைப்பாக வடிகால் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். படிந்த சாம்பலை அகற்றும் செலவை மின்வாரியத்தின் கணக்கில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பாக முகத்துவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். அளக்கும் குழுவில் மீனவக் கிராமங்களின் பிரதிநிதிகளுக்கு இடம் தர வேண்டும். இவற்றைச் செய்யாமல் காலடிப்பேட்டையில் இன்னொரு வடிகாலுக்கு அடிக்கல் நாட்டுவது மக்கள் பணத்தைத் தண்ணீரில் விடுவதாகும்.