ஜனங்கள் கேட்கிறார்களாம்!

"கதை நன்றாகத்தான் இருக்கிறது. முடிவை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள். இந்த மாதிரி சோகத்தை ஜனங்கள் கேட்பதில்லை" என்று ஒரு பத்திரிகாசிரியர் என்னிடம் சொன்னார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், காபி கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். சினிமா எடுப்பவர், டெலிவிஷனில் தொடர் நடத்துபவர் எல்லாரும் பாடுவது இதே பல்லவிதான். ஜனங்கள் என்று ஒருவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது போலவும், இவர்கள் அடிக்கடி எட்டிப் பார்த்து உத்தரவு வாங்கி வருவது போலவும் பேசுகிறார்கள்.

இவர்களுக்கு நான் ஒரே ஒரு இரவைக் காட்ட விரும்புகிறேன். இங்கிலாந்தில், 1966 நவம்பர் 16ஆம் தேதி, புதன்கிழமை இரவு.

அன்றைக்கு பி.பி.சி. தன் வழக்கமான புதன்கிழமை நாடகத்தை ஒளிபரப்பியது. பெயர் 'கேத்தி கம் ஹோம்'. எழுதியவர் ஜெரமி ஸாண்ட்ஃபோர்ட். இயக்கியவர் கென் லோச். தயாரித்தவர் டோனி கார்னெட். கேத்தி என்ற பெண் லண்டனுக்கு வருகிறாள். லாரி ஓட்டும் ரெஜ்ஜைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். நல்ல வீடு, குழந்தை, சிரிப்பு. பிறகு ஒரு விபத்து. ரெஜ்ஜுக்கு வேலை போகிறது. வேலையோடு வீடும் போகிறது. மாமியார் வீட்டு நெருக்கடி, வாடகை பாக்கி, சக்கரம் வைத்த வண்டிவீடு என்று படிப்படியாக இறங்குகிறார்கள். கடைசியில் வீடற்றோர் விடுதி. அங்கே மனைவிக்கும் குழந்தைகளுக்கும்தான் இடம். புருஷன் வெளியே போக வேண்டும், அது சட்டதிட்டம்! முடிவில், ஒரு ரயில் நிலையத்தில், அதிகாரிகள் வந்து அவள் மடியிலிருந்து குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான் கதை. பணக்கார மாமா எவரும் வரவில்லை.

பிற்காலத்தில்தான் நான் இந்த நாடகத்தைப் பார்த்தேன். கேத்தியாக நடித்த கேரல் வைட்டின் முகத்தைவிட என்னை அதிகம் உலுக்கியவை கூடவே ஒலிக்கும் குரல்கள். யாரோ ஒருத்தி தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லுகிறாள். இன்னொருவர் வீட்டுக்காகக் காத்திருப்போர் கணக்கைச் சொல்லுகிறார். அரங்குக்குள் அட்டைச் சுவர் நிறுத்திப் படம் பிடிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், பெரும்பகுதியை நிஜத் தெருக்களில் எடுத்திருக்கிறார்கள். நாடகமா, செய்தியா என்று பார்ப்பவர் திகைக்க வேண்டும். அதுதான் அவர்கள் எண்ணம்.

இதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம். அன்றைய பிரிட்டனில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்! சமையலறையில் பாத்திரம் கழுவியவளும், சுரங்கத்திலிருந்து திரும்பியவனும், குமாஸ்தாவும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"அவர்களுக்கு வேறு கதி இல்லை, அதனால் பார்த்தார்கள்" என்று நம்மவர் குறுக்கிடுவார். இல்லை ஐயா, இருந்தது. 1955லேயே ஐ.டி.வி. என்ற வர்த்தக டெலிவிஷன் அங்கே வந்துவிட்டது. பரிசுப் போட்டி, வேடிக்கை, விளம்பரம் எல்லாம் அதில் உண்டு. பொத்தானைத் திருப்ப ஒரு விநாடி போதும். திருப்பவில்லை.

பொழுதுபோக்கு கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். நானும் சிரிக்கத் தெரிந்தவன்தான். வியாபாரி தன் வசதியை ஜனங்களின் விருப்பம் என்று பெயர் மாற்றி விற்பதைத்தான் சகிக்க முடியவில்லை. 1962ல் பில்கிங்டன் கமிட்டி அங்கே இதைத்தான் விசாரித்தது. தலைவர் கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி, புரட்சிக்காரர் அல்ல. "ஜனங்கள் கேட்பதைக் கொடுக்கிறோம்" என்பது ஜனநாயகம் போலத் தோன்றினாலும், உண்மையில் ஜனங்களை மட்டமாக எடைபோடும் அகங்காரமே என்று அந்தக் கமிட்டி முடிவு சொல்லிற்று. ஐ.டி.வி.க்காரர்களுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா!

ஆனால் பி.பி.சி.க்கு மாலை போட்டு ஊர்வலம் விடவும் எனக்கு மனமில்லை. 1965ல் அதே பி.பி.சி. பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த 'தி வார் கேம்' என்ற படத்தைப் பூட்டி வைத்தது. அணுகுண்டு இங்கிலாந்தின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பது விஷயம். ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்றார்கள். சினிமாக் கொட்டகைகளில் ஓடி, ஆஸ்கார் பரிசும் வாங்கிய அந்தப் படம் டெலிவிஷனில் வர 1985 ஆயிற்று. ஒருவர் ஜனங்களுக்குப் பிடிக்காது என்கிறார். இன்னொருவர் தாங்காது என்கிறார். இரண்டு பேரும் ஜனங்களைக் கேட்கவில்லை.

கேத்தியைப் பார்த்த மறுநாள் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. வீடற்றவர்களுக்கு இடம் கொடுப்பது நகராட்சிகளின் கடமை என்று சட்டம் வரவே 1977 ஆயிற்று. ஆனால் அதே 1966 டிசம்பர் 1ஆம் தேதி 'ஷெல்ட்டர்' என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கியது. நாடகம் அதைப் பெறவில்லை. அது முன்பே திட்டமிடப்பட்டது. என்றாலும் அது கை நீட்டியபோது, எதற்கு என்று அந்த ஜனங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன்: மாற்றிக் கொடுத்தேன். புருஷனை இழந்து நடுத்தெருவுக்கு வந்தவளுக்குக் கடைசி அத்தியாயத்தில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தேன். கதை முடிந்த வாரம் ஒரு வாசகி கார்டு எழுதியிருந்தாள். பாராட்டு இல்லை, கண்டனமும் இல்லை. அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது, விலாசம் தெரிவிக்க முடியுமா, தன் பெண்ணும் அதே நிலைமையில் இருக்கிறாள் என்று கேட்டிருந்தாள். இன்னும் பதில் எழுதவில்லை.