ஒழுகும் கூரையும் ஒழியாத வட்டியும்

மழை பெய்தது; கூரை ஒழுகியது. ஓலைக் குடிசையிலா? இல்லை. உடைந்த ஓட்டு வீட்டிலா? அதுவும் இல்லை. உலகத்திலேயே பெரும்பணம் புரளும் காற்பந்துக் கழகங்களில் ஒன்றென்று பெயர் பெற்ற மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கில்! 2024 மே 12-ஆம் நாள், ஆர்சனல் அணியிடம் ஒரு கோலில் தோற்ற அன்று, கூரையின் மூலையிலிருந்து அருவிபோலத் தண்ணீர் கொட்டிற்று. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் தலையிலே கொட்டிற்று. தோற்ற துக்கம் ஒருபுறம், தொப்பலாக நனைந்த கோபம் மறுபுறம். அரங்கத்தின் சொந்தக்காரர்கள் நனையவில்லை. நனைகிற இடத்தில் அவர்கள் உட்காருவதில்லை.

"ஆட்டம் என்றால் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. ஜெயித்தால் துள்ளுவதும் தோற்றால் தூற்றுவதும் ரசிகனின் குணம். இதைப்பற்றி எழுதுவானேன்?" என்று கேட்கக்கூடும் சில பெரியவர்கள். கேட்கட்டும். அவர்களுக்கு ஓர் ஆண்டை நினைவூட்டுகிறேன். 1974-இல் இதே மான்செஸ்டர் யுனைடெட் தோற்றுத் தோற்று, முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ரசிகர்கள் ஓடிவிட்டார்களா? கைகழுவி விட்டார்களா? இரண்டாம் பிரிவில் ஆடிய அந்த ஆண்டு, இங்கிலாந்திலேயே அதிகமான கூட்டம் கூடிய அரங்கம் ஓல்ட் டிராஃபோர்டுதான்! தோல்வியைத் தாங்கத் தெரியாதவர்கள் என்று அந்த மக்களைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது. தாங்கினார்கள், தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தாங்கினார்கள்.

அப்படிப்பட்டவர்கள்தாம் இன்று கொதிக்கிறார்கள். ஏன்?

இந்தக் கழகம் எங்கே பிறந்தது தெரியுமா, தோழர்களே? மாளிகையிலே அல்ல. 1878-இல், மான்செஸ்டர் நகரத்து நியூட்டன் ஹீத் பகுதியில், லங்காஷயர் - யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிகள் கட்டும் பட்டறையிலே பிறந்தது. இரும்பை அடித்த கைகளும், பலகை இழைத்த கைகளும், வேலை முடிந்த பொழுதிலே ஒன்று சேர்ந்து அமைத்த கழகம். பச்சையும் பொன்னிறமும் அவர்கள் சட்டையின் நிறம். பெரம்பூரிலும் பொன்மலையிலும் பட்டறைச் சங்கொலி கேட்டு எழுந்தவர்களுக்கு அந்த மனிதர்களின் முகம் புரியும். மொழி வேறு, கையிலே படிந்த கரி ஒன்றுதான்.

1902-இல் இந்தக் கழகத்தைக் கடன் நெரித்தது. மூடும் நிலை வந்தது. அப்போது ஜான் ஹென்றி டேவிஸ் என்னும் மது ஆலை முதலாளி கைப்பணம் போட்டு மீட்டார். மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். 1910-இல் ஓல்ட் டிராஃபோர்டு எழுந்ததும் அவர் தந்த பணத்தால். முதலாளிதான்; தர்மப் பிரபு என்று நாம் தோரணம் கட்டத் தேவையில்லை. ஆனால் பணத்தை உள்ளே போட்டவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 103 ஆண்டு கழித்து இன்னொரு முதலாளி வந்தார்.

2005 மே மாதம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேறொரு விளையாட்டு அணிக்குச் சொந்தக்காரரான மால்கம் கிளேசர், மான்செஸ்டர் யுனைடெட்டை விலைக்கு வாங்கினார். கழகத்தின் மதிப்பு சுமார் 79 கோடி பவுண்டு. அதில் 50 கோடிக்கும் மேல் கடன். கடன் வாங்குவது குற்றமா? குற்றமல்ல. யார் வாங்கினார், யார் கட்டினார் என்பதல்லவா கேள்வி!

உங்கள் தெருவிலே ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலணா கடன் கிடையாது. ஒருவர் வருகிறார், "வீட்டை நான் வாங்குகிறேன்" என்கிறார். பணம்? வட்டிக் கடையில். ஈடு? அதே வீடுதான்! வட்டி? அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் கொடுக்கும் வாடகை. கூரை ஒழுகுகிறதே என்றால், "வட்டி கட்டியது போக மிச்சமில்லையே" என்று பதில். கேட்பவன் கிராமத்தானாக இருந்தாலும் சிரிப்பான். லண்டன் மாநகரத்துப் படித்த கனவான்கள் இதற்குப் பெரிய பெயர் சூட்டி, சட்டப்படி சரி என்று முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

கடனில்லாத கழகம் ஒரே நாளில் கடன்காரக் கழகமாயிற்று. அன்று முதல் வட்டி, கடன் கட்டணம் என்ற வகையில் மட்டும் போனது 100 கோடி பவுண்டுக்கும் மேல். 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்குகளை விற்றார்கள். அதிலே கிடைத்த பணத்தில் ஏறத்தாழப் பாதி, கடனை அடைக்கப் போகவில்லை. கிளேசர் குடும்பத்துக்குப் போயிற்று. ஊரார் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு. குடும்பம் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து வாக்கு! பிறகு ஆண்டுதோறும் இலாபப் பங்கீடு வேறு, 2022 வரையில்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ரசிகர்களில் பெரும்பாலோர் அன்று ஏன் அடங்கிப் போனார்கள்? வெற்றி வந்துகொண்டே இருந்தது, அதனால் அடங்கினார்கள். 2007, 2008, 2009, 2011, 2013 என்று லீக் பட்டம் வந்தது. 2008-இல் ஐரோப்பியக் கோப்பையும் வந்தது. அலெக்ஸ் ஃபெர்குசன் என்ற ஒரு மனிதரின் திறமை, ஒழுகிய கூரைக்கெல்லாம் குடை பிடித்தது. அவர் யார்? கிளாஸ்கோ நகரத்துக் கப்பல் கட்டும் தொழிலாளியின் மகன். தாமே தொழில் பழகும் இளைஞராக இருந்தபோது வேலைநிறுத்தத்தில் பங்கு கொண்டவர். அவரே கிளேசர் குடும்பத்தை ஆதரித்துப் பேசினார். தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சொல்லுக்கு எடை கூடியது. ரசிகர்களின் காது அதைக் கேட்டது. கண் மட்டும் கணக்கைப் பார்க்கவில்லை. 2010-இல் பழைய பட்டறையின் பச்சை - பொன் கழுத்துத் துணியை ஆயிரக்கணக்கானோர் அணிந்து வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். மிலான் அணிக்காக ஆடவந்த டேவிட் பெக்காம்கூட ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்து அணிந்துகொண்டார். அழகான காட்சிதான். ஆனால் கழுத்துத் துணி விற்றுத் தீர்ந்தது. கிளேசர் கழகத்தை விற்கவில்லை.

2013-இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். குடை போயிற்று. மழை தெரிந்தது.

மோயஸ் வந்தார், போனார். வான் கால் வந்தார், போனார். மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக் என்று பயிற்சித் தலைவர்கள் வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவர் தலை உருளும்போதும், "இதோ மாறுதல்! இனி ஏறுமுகம்!" என்று அறிவிப்பு. ஆட்டக்காரர் தேர்வில் கோடிகோடியாகக் கொட்டினார்களே என்பார்கள். கொட்டினார்கள், மெய்தான். எவர் பணம்? சீட்டு வாங்கியவன் பணம், சட்டை வாங்கியவன் பணம், தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டியவன் பணம்! முதலாளி வீட்டுப் பெட்டி திறக்கவில்லை. கப்பலுக்குக் கீழே ஓட்டை இருக்க, மாலுமியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

2021 ஏப்ரலில் உச்சகட்டம். பணக்காரக் கழகங்கள் தமக்குள் கூடி, இறக்கமே இல்லாத ஒரு தனிப் போட்டி நடத்தத் திட்டமிட்டன. அதில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஒன்று. ரசிகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பி இரண்டே நாளில் அந்தத் திட்டம் சரிந்தது. மே 2-ஆம் நாள் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்து புல்தரையிலேயே நின்றார்கள். லிவர்பூல் அணியோடு நடக்கவிருந்த ஆட்டம் தள்ளி வைக்கப்பட்டது. வன்முறையை எவரும் மெச்ச வேண்டாம். ஆனால் பதினாறு ஆண்டுகளாக மனுவுக்குப் பதில் சொல்லாதவர்கள், ஓர் ஆட்டம் நின்றவுடன் ரசிகர்களோடு பேச வந்தார்களே, அந்த வித்தையை யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தது?

பிறகு 2024-இல் ஜிம் ராட்கிளிஃப் வந்தார். இரசாயனத் தொழில் அதிபர். நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்து ஊரான ஃபெயில்ஸ்வர்த்தில் பிறந்தவர். நம்மவர் வந்துவிட்டார் என்று பலர் மகிழ்ந்தார்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது: பங்கு வாங்கியதோடு நில்லாமல் கழகத்துக்குள் 30 கோடி டாலர் புதுப்பணம் போட்டார். ஆனால் சிக்கனம் என்ற கத்தியை எடுத்தவர், எங்கே வைத்தார்? 2024-இல் சுமார் 250 ஊழியர்களின் வேலை போயிற்று. 2025 பிப்ரவரியில் இன்னும் 150 முதல் 200 பேர் வரை என்று அறிவிப்பு. ஊழியர்களுக்குக் கிடைத்துவந்த இலவசப் பகலுணவு நின்றது. ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு மிச்சமிருந்த சீட்டின் விலை 66 பவுண்டு என்றார்கள். குழந்தைக்குச் சலுகை இல்லை, ஓய்வூதியக் கிழவருக்கும் சலுகை இல்லை!

மேலிடத்துக் கணக்கைப் பாருங்கள். டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீட்டித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரை வெளியேற்றினார்கள். டான் ஆஷ்வொர்த் என்பவரை அரும்பாடுபட்டு விளையாட்டு இயக்குநராக அமர்த்தினார்கள்; ஐந்து மாதத்தில் அவரும் வெளியே. இந்த இரண்டு தவற்றுக்கும் சேர்த்துக் கழகக் கணக்கில் விழுந்த செலவு 1 கோடியே 45 லட்சம் பவுண்டு! தவறு செய்தவர்கள் மேலே. தண்டனை, சமையற்கட்டில் நின்றவளுக்கும் சீட்டுக் கிழித்தவனுக்கும். இதற்குத்தான் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தின் முடிவிலே, 2025-இல், இருபது அணிகளில் பதினைந்தாவது இடம். 1974-க்குப் பின் அவ்வளவு கீழே போனதில்லை.

இனி என்ன செய்வது? இந்தக் கேள்விதான் அங்கே அண்ணனையும் தம்பியையும் பிரித்தது. 2005-இலேயே ஒரு பிரிவினர், "எங்கள் காசு இனி அந்த வட்டிக்குப் போகாது" என்று வெளியேறினார்கள். எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தக் கழகம் கண்டார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. கீழ்த்தட்டுப் போட்டியில் தொடங்கி முதல் மூன்று பருவங்களிலும் அடுத்தடுத்து மேலேறினார்கள். 2015-இல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானமும் திறந்தார்கள். அங்கே பாலும் தேனும் ஓடுகிறதா? இல்லை. 2016-இல் அந்த நிர்வாகத்தின்மேலும் உறுப்பினர்கள் சினந்தெழுந்தார்கள், சச்சரவு முற்றியது, தலைமை விலகியது, தேர்தல் நடந்து புது நிர்வாகம் அமைந்தது. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, தொண்டன் கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஏளனம் செய்தார்கள் சிலர். எனக்கோ அதுவே அந்தக் கழகத்தின் பெருமையாகப் படுகிறது. பிடிக்காத தலைமையை இறக்க அவர்களுக்குச் சில மாதங்கள் போதுமானதாக இருந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் இருபது ஆண்டு கத்தியும் ஒரு நாற்காலி அசையவில்லை.

வெளியேறாதவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பன் தோளில் ஏறி முதன்முதலாக ஆட்டம் பார்த்த இடம். 1958-இல் மியூனிக் விமான விபத்தில் மாண்ட எட்டு ஆட்டக்காரர்களின் பெயரைச் சுவரில் படித்து வளர்ந்த இடம். கிளேசர் வாங்கியது பங்குப் பத்திரத்தை. அந்த நினைவை யாரிடமிருந்து வாங்க முடியும்? "நாங்கள் ஏன் போகவேண்டும்? அவர்கள் போகட்டும்!" என்கிறார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டே அவர்கள் வாங்கும் ஒவ்வொரு சீட்டும், போகமாட்டேன் என்பவனுக்கு வட்டி கட்டிக் கொடுக்கிறதே! கைக்குள் சிக்கிய முள். எடுத்தாலும் வலி, விட்டாலும் வலி.

ஜெர்மனியில் ஒரு விதி உண்டு. எத்தனை கோடி கொண்டு வந்தாலும், கழகத்தின் வாக்குகளில் பாதிக்குமேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்கவேண்டும். அங்கும் விதிவிலக்குகள் உண்டு, ஓட்டைகள் உண்டு. ஆயினும் ஊரார் கழகத்தை ஊரார் கழகத்தின் பணத்தாலேயே விலைக்கு வாங்கும் விந்தை அங்கே எளிதில் நடவாது. இங்கிலாந்திலோ 2025 ஜூலையில்தான் சட்டம் வந்தது. காற்பந்துக் கழகங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஏற்படுகிறது. ரசிகர்களைக் கலந்து பேசவேண்டும் என்கிறது சட்டம். பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது. பந்திக்கு அழைத்து, இலை போடாத கதை.

2025 மார்ச் 9-ஆம் நாள், ஓல்ட் டிராஃபோர்டை நோக்கி ஓர் ஊர்வலம் போயிற்று. கழகம் மெல்ல மெல்லச் சாகிறது என்று சொல்லிக் கறுப்பு உடை அணிந்து ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். கிளேசரைப் போகச் சொல்லி முழங்கினார்கள். வாயில் வந்தது. முழக்கம் ஓய்ந்ததும், கறுப்புச் சட்டையின் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். மறுபடியும் அதே ஆர்சனல்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.