வாய் திறக்காத பொறியாளர்கள்!



2007-இல் தமிழகத்தில் பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பொறியியல் கல்லூரிப் படியேறினார்கள். ஏறியவர்களில் பலர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் தலைகுனிந்து திரும்புகிறார்களே, ஏன்? கணக்கில் தொண்ணூறு வாங்கியவன், "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வியர்த்துப் போகிறான். குழு விவாதத்தில் மற்றவர்கள் பேச, இவன் தலையாட்டிக் கொண்டிருக்கிறான்.

பாடம் இல்லையா? இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டின் இரு பருவங்களிலும் தொழில்முறை ஆங்கிலம் உண்டு, ஆய்வகமும் உண்டு. ஆனால் அறுபது பேர் உட்காரும் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. அந்த நிமிடத்திலும் ஆசிரியர்தான் பேசுகிறார்! புகார்க் கடிதத்தையும் ஆய்வறிக்கையையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறான் மாணவன்.

பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏழாண்டுகள் மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதியவன் நான். ஓர் அரபு விருந்தாளி எங்கள் ஊருக்கு வந்து, "உளூச் செய்யும் இடம் எங்கே?" என்று கேட்டார். வினைச்சொல்லின் பதினான்கு வடிவங்களும் நினைவுக்கு வந்தன, பதில் வரவில்லை. கையைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற, வளைகுடாவில் ஓட்டுநராக இருந்து திரும்பிய சகோதரர் சரளமாகப் பேசி அழைத்துப் போனார். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

வணிகப் பெருமக்களே! மலேசியா சென்ற நம் முன்னோர் மலாய் இலக்கணம் படித்தா கடை வைத்தார்கள்? பேசினார்கள், தவறினார்கள், திருத்திக் கொண்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வராத நாளுண்டா? சரக்கில் குறை என்று இத்தாலிக்காரர் எழுதினால், அதற்குரிய பதிலை ஒரு பொறியியல் மாணவனை எழுதச் சொல்லிப் பாருங்கள். தவறினால் திருத்துங்கள்.

கல்லூரி நடத்தும் பெரியவர்களே! அறுபதைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து ஆங்கில வகுப்பு நடத்த ஆசிரியர் போதவில்லை என்கிறீர்கள். புதுக் கட்டடத்திற்குப் பணம் இருக்கிறதே!

இளைஞனே! மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதை இன்றிரவே உன் அறைத் தோழனுக்குப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கு. அவன் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். கல்லூரிக்குச் செல்லும் உன் தங்கையிடமும் இதையே சொல். தவறைக் கேட்டுச் சிரிப்பவன் எவனோ, அவனை முதலில் அறையை விட்டு அனுப்பு!