அடுக்களைப் பக்கம்: மெல்ல வேகும் கறியும் மக்காச்சோள அடையும்

இத்திங்கள் நாம் சமைக்க எடுத்துக்கொள்ளும் பண்டம் நெடுந்தொலைவிலிருந்து வருவது. அதன் நாடு மெக்சிக்கோ, பெயர் டாக்கோ. மக்காச்சோள மாவால் தட்டிய சிறு அடையில், நெடுநேரம் மெல்ல வெந்த மாட்டிறைச்சியை வைத்து, வெங்காயமும் கொத்துமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மடித்து உண்பதே அது. தாராவியில் உள்ள நம் வீட்டுச் சிறு அடுக்களையில் இதனைச் செய்ய நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகின்றோம்.

நம் மூத்த மகன் எட்டாம் வகுப்பில் பயில்கின்றான். சில வாரங்களுக்கு முன் பள்ளித் தோழன் ஒருவனின் பிறந்தநாளை முன்னிட்டு, பெரிய கடைத்தொகுதி ஒன்றிலுள்ள உணவகத்திற்குச் சென்று வந்தான். வந்ததும் வராததுமாக, "அப்பா, மெக்சிக்கோக் கறி தின்றேன். பஞ்சு போல இருந்தது. மூன்று மடிப்புக்கு அறுநூறு ரூபாய்!" என்றான். என்ன கறி என்று வினவினோம். உணவுப் பட்டியலில் 'பஃப்' என அச்சிட்டிருந்ததாகக் கூறினான். அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த நம் அன்னையார், அஃது என்ன என்று கேட்டார். "எருமைக் கறிதான் அம்மா" என்றோம்.

அன்னையார் ஒன்றும் கூறாமல் பேரனை நோக்கினார். பேரன் தலை கவிழ்ந்தான். ஏனெனில், ஞாயிறுதோறும் அன்னையார் ஆக்கும் எருமைக் கறியைப் பற்றிப் பள்ளியில் எவரிடமும் சொல்லக் கூடாது என்று சென்ற ஆண்டு கேட்டுக்கொண்டவன் அவனே. மதிய உணவுக் கலத்தில் அதை வைக்கலாகாது. தோழர் வீட்டிற்கு வந்தால் கோழிக் குழம்பு என்று சொல்ல வேண்டும் என்பன அவன் இட்ட நிபந்தனைகள். அறுநூறு ரூபாய்க்கு விற்றபோது பெருமையாய் இருந்த பண்டம், ஆச்சியின் சட்டியில் இருந்தபோது நாணத்திற்கு உரியதாயிற்று. இதனைக் கடிந்துரைத்துத் தீர்ப்பதினும் சமைத்துத் தீர்ப்பதே நலம் என்று நமக்குத் தோன்றியது.

பிள்ளையை மட்டும் குறை கூறுவதற்கில்லை. புலால் உண்போர்க்கு வீடு தர மறுக்கும் கட்டடங்கள் இந்நகரில் உண்டு. வடிகட்டி வடிகட்டிப் பேசும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெரியோரிடமிருந்தே கற்கின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த நம்மவர் பலருக்கு, மலிவாகக் கிடைத்த இவ்விறைச்சியே உடலுக்கு வலுவூட்டியது. அதை மறைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, சட்டத்தைப் பற்றிய ஐயத்தைப் போக்கிவிடுவோம். மகாராட்டிரத்தில் பசுவதை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1995-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்திற்கு 2015-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தமையால், காளையும் எருதும் அத்தடைக்குள் வந்தன. எருமை அத்தடையுள் அடங்காது. ஆதலின், மும்பையில் இப்பண்டத்தை எருமை இறைச்சி கொண்டே செய்தல் வேண்டும். உரிமம் பெற்ற கடையில் 'படே கா' என்று கேட்டால் அதுவே கிடைக்கும். செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1971 முதல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இருப்பதை நேயர்கள் அறிவர்.

மெக்சிக்கோ நமக்கு அவ்வளவு அந்நியமான நாடன்று. நம் அடுக்களையை ஆளும் மிளகாய், அந்நாட்டு மக்கள் பயிராக்கிய செடியின் காய். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அது நம் மேலைக் கரைக்கு வந்தது. மிளகின் காரத்தைக் கண்ட காய் என்பதால் நம் முன்னோர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர். மக்காச்சோளமும் அங்கே ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. மாடோ அந்நாட்டிற்குப் புதியது. 1521-இல் ஸ்பானியர் அந்நாட்டுத் தலைநகரை வென்ற பின்னரே அங்கே பெருகியது. ஆகவே டாக்கோவில் உள்ள கறி அவர்களுக்கு வந்த விருந்து. நம் குழம்பில் உள்ள மிளகாய் நமக்கு வந்த விருந்து. மெக்சிக்கோவின் மரபுச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அவர்களது அடுக்களைக் கருவிகளும் நமக்குப் பழக்கமானவையே. மெத்தாத்தே என்னும் சாய்ந்த கல்லும் அதன்மீது உருட்டும் குழவியும் நம் அம்மியின் உடன்பிறப்புகள். தானியத்தை ஊறவைத்து ஈரமாக அரைத்து உணவாக்கும் வழக்கமும் இரு நாட்டிற்கும் பொது. இட்லிக்கு மாவரைக்கும் வீட்டில் டாக்கோ செய்யத் தேவையானவற்றுள் பாதி முன்னரே இருக்கின்றது.

கறிக்கு வேண்டியவை (ஆறு பேருக்கு)

எலும்பு நீக்கிய எருமைக் கறி 1 கிலோ, நல்லி எலும்பு இரண்டு, பேடகி மிளகாய் 12, காரத்திற்குக் குண்டு மிளகாய் 2, தக்காளி 3, பெரிய வெங்காயம் 1, பூண்டு 8 பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, கிராம்பு 3, சிறு துண்டுப் பட்டை, பிரிஞ்சி இலை 1, கற்பூரவல்லி இலை 4, சிறு நெல்லியளவு புளி, எண்ணெய், உப்பு.

கறி வாங்குகையில் முன்கால், கழுத்து ஆகிய பகுதிகளைக் கேளுங்கள். விலை குறைவு, ஆனால் நெடுநேர வேக்காட்டிற்கு இவையே ஏற்றவை. எப்பொழுதும் உழைக்கும் தசைகளில் கொலாஜன் என்னும் கட்டுநார் மிகுதி. விரைந்து வேகவைத்தால் அது சுருங்கிக் கறியை ரப்பராக்கும். கொதியின் விளிம்பில் மூன்று மணி நேரம் வைத்தால், அந்நாரே கரைந்து வழுவழுப்பான பசையாகி, கறியை இழை இழையாகப் பிரியச் செய்யும். மென்மையான விலையுயர்ந்த துண்டில் இந்நார் குறைவாதலால், நெடுநேரம் வைத்தால் அது வறண்டு போகும். மலிவான கறிக்கு வேண்டியது காலம் ஒன்றே.

மெக்சிக்கோவில் இதற்கு மண்ணில் குழி தோண்டி, தணல் இட்டு, கற்றாழை இனத்து மடல்களால் மூடி இரவெல்லாம் வேகவைக்கும் முறை ஒன்று உண்டு, பார்பக்கோவா என்பர். பிர்ரியா என்னும் மற்றொரு வகை ஹாலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டிறைச்சியால் தொடங்கியது. பின்னர் மாட்டிறைச்சிக்கும் வந்தது. நாம் செய்வது இவ்வகையைத் தழுவியதே. இரவெல்லாம் மெல்ல வேகும் நிஹாரியைப் பெண்டி பஜார்ப் பக்கம் உண்டவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும்.

செய்முறை

மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, வெறும் சட்டியில் கருகாமல் சில நொடிகள் வாட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தோசைக்கல்லில் கரும்புள்ளி விழுமளவு சுட்டெடுங்கள். இவற்றுடன் சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, புளி சேர்த்து நைய அரையுங்கள். அந்நாட்டார் சேர்க்கும் ஒரிகனோ என்னும் இலைக்கு ஈடாக, நம் சன்னலோரத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி போதுமானது.

கறியைப் பெருந்துண்டுகளாக வெட்டி, ஈரம் ஒற்றி, உப்புத் தடவி, அடிகனத்த சட்டியில் எண்ணெய் காயவிட்டுச் சிறிது சிறிதாகச் சிவக்க வறுத்தெடுங்கள். முழுவதையும் ஒருங்கே கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு வறுபடாது. பின் அதே சட்டியில் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும் வரை வதக்கி, கறி, எலும்பு, பிரிஞ்சி இலை, கற்பூரவல்லி சேர்த்து, கறி மூழ்க வெந்நீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் அடுப்பை மிகக் குறைத்து, மூடி, மூன்று மணி நேரம் விடுங்கள். மேற்பரப்பில் ஓரிரு குமிழி மட்டும் எழ வேண்டும், தளதளவெனக் கொதிக்கலாகாது.

எரிவாயுச் செலவை எண்ணுவோர், பிரஷர் குக்கரில் முதல் ஒலிக்குப்பின் தணலைக் குறைத்து நாற்பது நிமிடம் வைத்து, ஆவி அடங்கியபின் திறந்து மேலும் அரைமணி மெல்ல வற்றவிடலாம். சுவை சிறிதே குறையும். செலவு மிகக் குறையும். கரண்டியால் அழுத்தினால் கறி தானே பிரிவதுதான் பதம். எலும்பை நீக்கி, கறியை எடுத்து இழைகளாக உதிர்த்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் செந்நிற எண்ணெயைத் தனியே எடுத்து வையுங்கள். எஞ்சும் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி ரசம் போல் அருந்தலாம்.

அடை

காய்ந்த மக்காச்சோள மணி அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், வெற்றிலைக்குப் போடும் தூய வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு சிறு தேக்கரண்டி. நிறமோ வாசனையோ கலந்த சுண்ணாம்பு வேண்டா; சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு ஒருபோதும் ஆகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் எவர்சில்வர்ப் பாத்திரத்தையே கொள்ளுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மணியை இட்டு நாற்பது நிமிடம் மெல்ல வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிடுங்கள். காலையில் தோல் கழலத் தேய்த்து மும்முறை கழுவுங்கள்.

இச்சுண்ணாம்பு எதற்கு என்று கேட்கலாம். அது தோலைக் கழற்றுவதோடு, மாவுக்கு ஒட்டும் தன்மையைத் தருகின்றது. மக்காச்சோளத்தில் சிக்கியுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கும் வடிவில் விடுவிக்கின்றது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றனர்; சுண்ணாம்பு முறையை எடுத்துச் செல்லவில்லை. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்கள் பெல்லக்ரா என்னும் கொடு நோய்க்கு ஆளாயினர். பண்டத்தைக் கொள்வோர் அதனைப் பக்குவம் செய்த பாட்டிமாரின் அறிவையும் கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கழுவிய மணியைத் தண்ணீர் மிகச் சிறிதே தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். கிரைண்டர் திணறினால் சிறு சிறு பங்காக இடுங்கள். மாவை அரைமணி மூடிவைத்து, எலுமிச்சையளவு உருட்டி, இரு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்துத் தட்டையான தட்டால் அழுத்தினால் வட்டம் அமையும். காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்திற்கு ஒரு நிமிடம் இட்டு எடுத்து, துணியில் சுற்றி வையுங்கள். கடையில் விற்கும் மக்காச்சோள மாவு சுண்ணாம்பு கண்டதன்று, வெடிக்கும். அதைக் கொள்வோர் மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு கலந்து வெந்நீரில் பிசைக.

உண்ணும் வேளையில், அடையைச் செந்நிற எண்ணெயில் தோய்த்துக் கல்லில் இட்டு, கறியை வைத்து மடித்து, இருபுறமும் மொறுமொறுப்பாக்கிப் பரிமாறுங்கள். எஞ்சிய கறியை வெளியில் விட்டு வைக்காமல், ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சுவை கூடும்.

புலால் உண்ணாத நேயர்களுக்கு: அதே விழுதில் வேகவைத்த ராஜ்மாவை இட்டு அரைமணி மெல்ல வற்றவிடுங்கள். ராஜ்மாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. எனவே இதுவும் மெக்சிக்கோ மரபுக்கு முற்றிலும் உரியது.

நம் வார விடுமுறை நாளில் இதனைச் செய்தோம். அம்மாவே கறியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இரண்டு மணி ஆனதும் மகன் பொறுமையிழந்து மூடியைத் திறக்கப் போனான். "தொடாதே ஐயா, அது தானாக வரும்" என்று தடுத்தார். பார்சல் அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காணும் சரக்கு வண்டியைப் போல, தாமதமாயினும் அது வந்து சேர்ந்தது.

அன்று மாதுங்காவிலிருந்து மகனின் தோழன் ஒருவனையும் அழைத்திருந்தோம். புலால் உண்ணாத தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவன் பெற்றோரிடம் முன்னரே கூறி, அவனுக்கெனத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியுடன் ராஜ்மா வைத்திருந்தோம். உண்ணும்போது அவன் மற்றொரு சட்டியைச் சுட்டி, "அது என்ன?" என்றான். நம் இல்லாள் நம்மை நோக்கினார். நாம் மகனை நோக்கினோம். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பின், "எருமைக் கறி. எங்கள் ஆச்சி ஆக்கியது. நாங்கள் ஞாயிறுதோறும் சாப்பிடுவோம்" என்றான்.

"இரண்டும் ஒரே நிறமாக இருக்கிறதே!" என்று வியந்த அப்பிள்ளை, தன் இலையில் இன்னும் ஓர் அடை கேட்டான். அம்மா எழுந்து சென்று அவனுக்குச் சூடாக ஒன்று சுட்டு வந்தார்.

செய்து பார்க்கும் அன்பர்கள் தம் அனுபவத்தைச் சங்க முகவரிக்கு எழுதுக. மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம். வணக்கம்.