மழலையர் ஆடை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன. அவற்றுள் உடையை வளர்ந்தவர் தம் விருப்பம்போல் தேர்ந்து அணிகின்றனர். உறுத்தினால் களைகின்றனர், வெப்பம் மிகுந்தால் மாற்றுகின்றனர். கைக்குழந்தைக்கோ அவ்வுரிமை இல்லை. பிறர் உடுத்தியதையே அது உடுத்திருத்தல் வேண்டும். தன் துன்பத்தை அழுகையால் அன்றி வேறு மொழியால் உணர்த்த அதற்கு இயலாது. ஆதலின் குழந்தைக்கு ஆடை தேர்தல் சிறு செயல்போலத் தோன்றினும், பேச இயலாத ஓர் உயிரின் சார்பில் நாம் செய்யும் முடிவாகும்.

இம்முடிவைப் பற்றி இன்று இல்லந்தோறும் ஒரு சிறு வழக்கு நிகழ்கின்றது. கடையில் வாங்கிவந்த ஆடையைக் கண்டு பாட்டி முகஞ்சுளிக்கின்றார். "சரிகை வைத்த இந்த முரட்டுத் துணி பச்சைக் குழந்தைக்கு ஆகுமா?" என்று வினவுகின்றார். "இப்போது எல்லாரும் இப்படித்தான் உடுத்துகிறார்கள், அம்மா" என்கின்றாள் மகள். இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். எனினும் அன்பு ஒன்று மட்டும் நடுவராக நின்று இவ்வழக்கைத் தீர்த்துவிடாது. அதற்கு ஓர் அளவுகோலும் வேண்டும். அவ்வளவுகோல் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பழந்தமிழர் குழந்தையின் காலில் கிண்கிணி கட்டினர். கழுத்தில் தாலி பூட்டினர். இவ்விரண்டையும் புறநானூறு குறிப்பிடுகின்றது. அத்தாலியைப் பின்னையோர் ஐம்படைத்தாலி என்று வழங்கினர். திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவு அமைந்த அணி அது. குழந்தைக்குக் காப்பாக அணியப்பட்டது. கிண்கிணியின் ஒலியோ தவழும் மகவு எங்குச் செல்கின்றது என்பதைத் தாய்க்கு அறிவிக்க வல்லது. கண்ணுக்கு இனிய அணியும் குழந்தையின் நலத்தை நோக்கியதாகவே இருந்தமை கருதத்தக்கது.

நம் தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம், மழலையின் பொருள் விளங்காவிடினும் தந்தையர் உள்ளத்தில் அருள் பிறக்கும் என்று ஔவையார் எடுத்துரைத்தார். குழந்தையின் வாய்மொழிக்கு மட்டுமன்றி, அதன் உடல் கூறும் மொழிக்கும் செவிசாய்த்தல் பெரியோர் கடன். சிவந்து தடித்த தோலும், வேர்வையில் நனைந்த பிடரியும், குளிர்ந்த பாதமும் அம்மொழியின் எழுத்துகள்.

நம் பாட்டிமார் அவ்வெழுத்துகளைப் படிக்க அறிந்தவர்கள். பிறந்த குழந்தைக்கு அவர்கள் புத்தாடை தேடவில்லை. பலமுறை துவைத்து நைந்த வேட்டியையும் நூற்சேலையையும் கிழித்து வைத்திருந்தனர். இதனை வறுமையின் அடையாளம் என்று சிலர் கருதுவர். வறுமை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அதனினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. புதிய துணியில் கஞ்சியின் விறைப்பும் சாயத்தின் மிச்சமும் இருக்கும். பல ஆண்டு உடுத்துத் துவைத்த பருத்தித் துணியில் அவை நீங்கி மென்மையே எஞ்சும். வேர்வையையும் ஈரத்தையும் அது விரைவில் உறிஞ்சும். அதனை வெந்நீரில் இட்டு அலசிக் கடும்வெயிலில் உலர்த்திய பின்னரே தூய்மை பேணும் பாட்டிமார் குழந்தைக்குச் சுற்றினர். தாயின் பழஞ்சேலையே தூளியும் ஆயிற்று.

தருமபுரியின் சித்திரை வெயிலை அறிந்தவர் இவ்வழக்கத்தின் சிறப்பை எளிதில் உணர்வர். அவ்வெயிலில் பாலியெஸ்டர் துணியில் தைத்த மேல்நாட்டுக் கோட்டினுள் ஒரு பச்சிளங்குழந்தையை நுழைத்து, கழுத்தில் பட்டையும் கட்டி, விழாக் கூட்டத்தின் நடுவே நிழற்படத்திற்கு நிறுத்துகின்றனர். வேர்வை வெளியேற வழியின்றி வேர்க்குரு படர்கின்றது. எலாஸ்டிக் பட்டை இடுப்பில் தடம் பதிக்கின்றது. ஒட்டிய பாசிமணி உதிர்ந்தால் குழந்தை அதனை வாயில் இடுகின்றது. பட்டுக்கூட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. ஆயினும் சரிகைப் பட்டு தவழும் குழந்தைக்கு உரியதன்று. இவ்வகையில் பாட்டியின் முகச்சுளிப்பு முற்றிலும் நேரியதே.

அவ்வாறாயின் பழையன யாவும் நல்லன என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பிறந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டும் வழக்கம் பல இல்லங்களில் இருந்தது. கருப்பையின் வெம்மையினின்று வெளிவந்த சிற்றுடல் அதனால் விரைவில் குளிர்ந்துவிடும். பிறந்து 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்டுதலைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும், சூழலின் வெப்பத்திற்கேற்பப் பெரியோர் அணிவதைவிட ஓரிரு அடுக்கு மிகுதியாக உடுத்தித் தலைக்குக் குல்லாய் அணிவிக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. குழந்தையின் தலை அதன் உடலை நோக்கப் பெரிது. வெப்பம் அதன் வழியே மிகுதியாக வெளியேறும்.

இதனினும் கொடிய பழமை ஒன்று நம் மாவட்டத்தில் இருந்தது. பெண் மகவு பிறந்தால் அதற்கு ஆடை தேடாது சாவைத் தேடிய இல்லங்கள் இருந்தன. அக்கொடுமையைத் தடுக்கவே 1992 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது; 2001 ஆம் ஆண்டில் தருமபுரிக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. முன்னோர் செய்தனர் என்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பழந்துணியைப் போற்றுவோம், அப்பழிச்செயலைக் கனவிலும் கருதாதிருப்போம்.

புதியனவற்றிலும் நல்லன உண்டு. நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கும். ஆதலின் அது மிகுதியாக நெகிழாது. பின்னிய துணியிலோ ஒரு கண்ணியினுள் மற்றொரு கண்ணி கோக்கப்பட்டிருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கையால் செய்த இப்பின்னல் வேலையைச் செய்யும் பொறியை 1589 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் அமைத்தார். இன்று நம் திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்கு உலகறிந்த ஊர். கையையும் காலையும் ஓயாது உதைத்து ஆடும் மகவுக்கு நெகிழும் பருத்திப் பின்னலாடை மிக ஏற்றது. இதனைக் கடைச்சரக்கு என்று பாட்டி ஒதுக்குதல் பொருந்தாது. வாங்கிய ஆடையை ஒருமுறை துவைத்து அணிவித்தால் பழந்துணியின் நலம் பெரும்பாலும் இதற்கும் கிட்டும். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகத்திலும் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை முதலியன இடம்பெற்றன. ஏழை இல்லத்து மகவுக்கும் புத்தாடை கிட்டியமை போற்றத்தக்கதே.

இனிக் கையால் பின்னிய ஆடையைப் பற்றி ஒரு சொல். கம்பளி நூலும் ஊசியும் கொண்டு பாட்டியோ அத்தையோ பல நாள் இருந்து பின்னிய குல்லாயும் காலுறையும் விலைமதிப்பற்றவை. மார்கழி, தை வைகறையில் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் அவை பெருந்துணை. அவ்வன்பைக் காட்டுதற்காகச் சித்திரை நண்பகலிலும் அவற்றை அணிவித்தல் ஆகாது. பின்னலின் கண்ணி அகன்றிருந்தால் சின்னஞ்சிறு விரல் சிக்கும். கழுத்தில் கட்டும் நீண்ட கயிறு இடர் விளைக்கும். பருத்தி நூலால் நெருங்கப் பின்னிக் கயிறின்றி முடித்தால் அன்பும் பயனும் ஒருங்கே நிற்கும்.

நிறத்தைப் பற்றியும் சிலர் வாதிடுகின்றனர். பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம் என்று கடைகள் பிரித்து வைத்துள்ளன. இது தொன்மையான மரபன்று. 1918 ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக இதழ் ஒன்று இளஞ்சிவப்பு ஆணுக்கும் நீலம் பெண்ணுக்கும் உரியன என்று எழுதியது! வணிகர் வகுத்த வழக்கு வணிகராலேயே மாறியது. பாட்டியின் வேட்டித்துண்டு ஆண், பெண் என்ற வேற்றுமை அறியாதது. பெண்மகவைக் காக்கத் திட்டம் வகுக்க நேர்ந்த இம்மண்ணில், அவ்வேற்றுமையின்மையை நாம் தொட்டிலிலேயே தொடங்குதல் வேண்டும்.

1978 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகராகிய பொகோட்டாவில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வெப்பப்பேழைகள் இல்லை. எட்கர் ரே என்னும் மருத்துவர், அக்குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுறத் தழுவி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர்பெற்ற அதனை இன்று உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கின்றது. அப்போது குழந்தை அணிவன ஓர் இடைத்துணி, ஒரு குல்லாய், காலுறை ஆகியவையே. தாயின் உடலே ஏனைய ஆடையாகின்றது. பழந்துணியை நாடிய பாட்டியின் அறிவும் இன்றைய மருத்துவ அறிவும் இங்கு ஒன்றுபடுகின்றன. இரண்டும் குழந்தையின் உடலையே முதலில் நோக்கின.

அளவுகோல் இப்பொழுது புலனாகின்றதன்றோ? ஆடை பழையதா புதியதா, கையால் பின்னியதா பொறியால் பின்னியதா, விலை மிக்கதா குறைந்ததா என்பன யாவும் பின்னர் எழும் வினாக்கள். "இவ்வாடை குழந்தைக்காகவா, காண்போர்க்காகவா?" என்பதே முதல் வினா. உங்கள் இல்லத்தில் தம்பியோ தங்கையோ தவழ்ந்தால், அடுத்த முறை உடுத்துமுன் அதன் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஆடையின் உட்புறத் தையலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உங்களை உறுத்துவது அதனையும் உறுத்தும். இச்சிறு பழக்கம் கைவரப் பெற்றவர், பேச இயலாதார் பலரின் துன்பத்தையும் உணர்ந்து உதவுவர் என்பது திண்ணம்.