மழைக்கு முந்த வேண்டிய காசு

நிதி அமைச்சின் செயலாளரும் திறைசேரியின் செயலாளருமான மதிப்பிற்குரியவருக்கு,

டிசம்பர் கடைசி வாரம், இரவு எட்டு மணி. கண்டிக் கச்சேரியிலோ பல்லேகலையில் உள்ள மாகாண அலுவலகங்களிலோ எந்த அறையில் இன்னும் விளக்கு எரிகிறது என்று கேட்டால், வாசலில் நிற்கும் காவலாளிகூடக் கை காட்டிவிடுவார். அது கணக்குக் கிளை. மேசையில் பிளேன்டீ ஆறிப் போயிருக்கும். பக்கத்தில் நூல் கட்டிய வவுச்சர்கள். ஒவ்வொரு வவுச்சரும் நான்கு படி ஏற வேண்டும்: செலவுக்கு அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், வேலை ஒழுங்காக நடந்தது என்று அத்தாட்சிப்படுத்தல், கடைசியாகக் கொடுப்பனவு. நிதிப் பிரமாணங்களில் 135 ஆம் இலக்கத்திலிருந்து வகுத்து வைத்த ஒழுங்கு இது. ஒரே ஆள் எல்லாவற்றிலும் கையொப்பம் வைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருடத்தில் பதினொரு மாதம் ஆறுதலாக ஏறியிருக்க வேண்டிய படிகளை அந்த ஒரு வாரத்தில் ஓடி ஏற வேண்டியிருக்கிறது.

கணக்காளர் என்றால் கூட்டிக் கழிப்பவர் என்று வெளியில் ஒரு நினைப்பு உண்டு. அவருடைய கணினியைப் பார்த்தால் அது மாறும். திறந்திருக்கும் தாளில் ஐந்து நிரல்கள்: ஒதுக்கீடு, கடப்பாடு, கிடைத்த கட்டுநிதி, செலவு, மிகுதி. ஒதுக்கீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். அரசியல்வாதி மேடையில் சொல்கிறார், பத்திரிகை தலைப்பாகப் போடுகிறது. மூன்றாவது நிரலை அந்த அறைக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை. “காசு ஒதுக்கியாச்சே, ஏன் வேலை நடக்கேல்ல?” என்று பிரதேச சபை உறுப்பினர் தொலைபேசியில் கேட்கும்போது, ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி மட்டும்தான், காசு திறைசேரியிலிருந்து கட்டுநிதியாக வந்தால்தான் உண்டு என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. பாதி விளக்கத்தில் மறுமுனை வைத்துவிடும்.

கட்டுநிதி குறைவாக வருவதைப் பற்றியதல்ல இம்மடல். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நாடு அறிவித்த பிறகு, எந்த வீதிக்குக் காசு வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமிருக்கவில்லை. முதன்மைச் செலவினம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பகிரங்க நிதி முகாமைத்துவச் சட்டம் கட்டிவிட்டதும் தெரியும். கேள்வி காசு எப்போது வருகிறது என்பதுதான். கண்டியில் அந்தக் கேள்விக்கு வானம்தான் பதில் சொல்கிறது.

தெல்தோட்டைப் பக்கம் லயத்துக்கு ஏறும் தோட்டப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு மீற்றர் கொங்கிரீட். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்ததால், இப்படியான பாதைக்குப் பிரதேச சபை காசு போட நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்ற கணக்கு. 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பிரதேச சபையின் செலவுப் பேரேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லாத பாதைகள் அவை. இப்போது வரி வந்திருக்கிறது. வேலை எப்போது நடக்கிறது?

பாராளுமன்றத்தில் பாதீடு டிசம்பரில் நிறைவேறும். ஜனவரியில் செயற்திட்டம் எழுதுவார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவோடு மலையேறி அளந்து மதிப்பீடு போடுவார். கேள்வி மனு கோரல், திறத்தல், பெறுகைக் குழு, கடிதம், ஒப்பந்தம் என்று சித்திரை வருடப் பிறப்பு வந்துவிடும். அது கழிந்து ஆட்கள் திரும்பி வரும்போது மே மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் இறங்கிவிட்டிருக்கும். முதல் கட்டுநிதி கையில் கிடைத்து ஒப்பந்தகாரர் கல்லும் மணலும் இறக்கும்போது ஒக்டோபர் ஆகியிருக்கும். ஒக்டோபரும் நவம்பரும் கண்டிக்கு மழை கொட்டும் மாதங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் நிறம் மாறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் மலைப்பாதையில் சீமெந்து கொட்டுகிறார்கள். இறுகாத கொங்கிரீட்டில் மழை விழுந்தால் சீமெந்துப் பால் கழுவிக்கொண்டு போகும், கல் தலை நீட்டும். அடுத்த வருடம் அதே பாதைக்குத் திருத்தச் செலவு என்று வேறொரு செலவுத் தலைப்பில் இன்னொரு தொகை. கணக்காளரின் தாளில் இரண்டும் சரியாகக் கூடும். கணக்காய்விலும் பிழை வராது.

கண்டியில் வெயில் காயும் மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. பெப்ரவரியில் பேராதனைப் பாலத்தில் நின்றால் மகாவலியில் பாறை தெரியும். அந்த மூன்று மாதத்தையும் தாளுக்குக் கொடுத்துவிட்டு, மழையை வேலைக்குக் கொடுக்கிறோம்.

இது என்றைக்கும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இலங்கையின் நிதியாண்டு முன்பு ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி செப்டெம்பர் 30 இல் முடிந்தது. 1971 ஒக்டோபரில் தொடங்கிய ஆண்டை 15 மாதங்களுக்கு இழுத்து 1972 டிசம்பர் 31 இல் முடித்தார்கள். 1973 இலிருந்துதான் நாட்காட்டியும் கணக்கும் ஒன்றாகின. பழைய ஏற்பாட்டில், காசுக்கு அனுமதி கிடைத்ததும் மழைக்காலம் தாள் வேலைக்கு வாய்த்தது. தை பிறக்க மண் காய, ஆள் இறங்கலாம். அன்றைக்கு அதை யாரும் மலைநாட்டுக்காக யோசித்துச் செய்திருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. தற்செயலாகப் பொருந்தியிருந்தது, தற்செயலாகவே போய்விட்டது.

நிதியாண்டை மாற்றுவது முடியாத காரியமல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1976 இல் தன் ஆண்டுத் தொடக்கத்தை ஜூலையிலிருந்து ஒக்டோபருக்குத் தள்ளியது. பாதீட்டை ஆராய காங்கிரஸுக்கு நேரம் போதவில்லை என்பது காரணம். இடையில் விழுந்த மூன்று மாதத்துக்குத் தனிக் கணக்கே வைத்தார்கள். ஆனாலும் வருடக் கடைசி ஓட்டம் அங்கேயும் நிற்கவில்லை. அந்த அரசின் கொள்வனவுகளை ஆராய்ந்த லீப்மன், மஹோனி என்ற இரு பொருளியலாளர்கள், கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். அவசரத்தில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வேலைகளின் தரமும் குறைவாக இருந்தது. வாஷிங்டனிலும் டிசம்பர் உண்டு, அவர்கள் அதை செப்டெம்பரில் கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான்.

எனவே நாட்காட்டியை மாற்றச் சொல்லி இம்மடல் கேட்கவில்லை. சிறிய விடயம் ஒன்றுதான் கேட்கிறது. ஒதுக்கீடு இல்லாமல் கடப்பாடு ஏற்கக் கூடாது என்கிறது 94 ஆம் இலக்க நிதிப் பிரமாணம். சரி, ஒப்பந்தத்தில் கையொப்பம் ஜனவரிக்கே நிற்கட்டும். அளவெடுப்பு, மதிப்பீடு, கேள்வி மனு கோரல் ஆகியவற்றை, பாதீடு சமர்ப்பிக்கப்பட்ட நவம்பரிலேயே மலைநாட்டு மாவட்டங்கள் தொடங்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னால் போதும். அந்த வேலைகளுக்கான முதல் கட்டுநிதிக்கு ஜனவரியில் ஒரு திகதியும் வேண்டும். திகதி தெரிந்தால் ஒப்பந்தகாரர் கல்லுக்கு முற்பணம் கட்டுவார். தெரியாவிட்டால் தன் கைக்காசைக் கணக்குப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்.

தேர்தலால் பாதீடு பிந்தும் ஆண்டில் இதுவும் சரிவராது என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். நியாயம். 2025 ஆம் ஆண்டுப் பாதீடு சமர்ப்பிக்கப்பட்டதே பெப்ரவரி 17 இல், நிறைவேறியது மார்ச் 21 இல். அதுவரை இடைக்காலக் கணக்கறிக்கையில் நாடு ஓடியது. வெயில் மாதங்கள் அப்படியே போயின. அந்த ஆண்டில் மூலதனச் செலவுக்கென ஒதுக்கிய காசை முழுதாகச் செலவழிக்க முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

2026 ஆம் ஆண்டுப் பாதீடு நவம்பர் 7 இல் வந்தது. மூன்று வாரம் கழித்து டித்வா புயல். கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. டிசம்பரில் 500 பில்லியன் ரூபா குறைநிரப்பு மதிப்பீட்டைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆண்டின் நடுவில் அனுப்பிய மதிப்பீடுகள் எல்லாம் பழைய மலையைப் பற்றியவை ஆகிவிட்டன. இடிந்த பாதைகளுக்கும் தாங்கு சுவர்களுக்கும் புதிதாகத் தாள் எழுத வேண்டியவர் அதே கணக்காளர், அதே தொழில்நுட்ப உத்தியோகத்தர். புதுக் காசுக்கும் பழைய வரிசைதான்.

மாகாண சபை மட்டத்தில் இதைக் கேட்கத் தெரிவு செய்யப்பட்டவர்கள் யாரும் இல்லை. மத்திய மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013 செப்டெம்பரில். அந்தச் சபையின் காலம் 2018 இல் முடிந்தது. அதனால்தான் மடல் நேராக உங்களிடம் வருகிறது.

ஜனவரி பிறந்ததும் கண்டிக் கணக்காளரின் மேசையில் முதலில் ஏறுவது புது வருட வேலை அல்ல. முடிந்த வருடத்தின் நிதிக்கூற்றுகளை இரண்டு மாதத்துக்குள் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு அனுப்பியாக வேண்டும். பெப்ரவரி முழுதும் அவர் அதற்குள் இருப்பார். ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை பளிச்சென்று தெரியும், பாதைகள் காய்ந்து தூசி பறக்கும், புதுக் கோப்பில் மூன்றாவது நிரல் வெறுமையாகவே இருக்கும்.