பழியெல்லாம் பரம்பரைக்கா?

பிரஷர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே நம் வீடுகளில் வம்சாவளி விசாரணை தொடங்கிவிடும். "அவங்கப்பாவுக்கு இருந்துச்சு, அத்தைக்கும் இருந்துச்சு, இவனுக்கு வராம இருக்குமா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு பக்கம், "எல்லாம் டென்ஷன்தான், மனசை லேசா வெச்சுக்க" என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். வம்சத்தைச் சொன்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. டென்ஷனைச் சொன்னால் நோயாளி மேலேயே பழி விழுகிறது. பரம்பரையும் வாழ்க்கைப்பாடும் உடம்புக்குள் எந்த இடத்தில் கைகோக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொல்லிப் பல காலம் ஆகிறது. அது நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பரம்பரையை முதலில் பார்த்துவிடலாம். 1950களில் இங்கிலாந்தில் ராபர்ட் பிளாட், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரு பெரிய மருத்துவர்களுக்கு இடையே இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. ரத்தக்கொதிப்பு ஒற்றை மரபணுவால் வரும் தனி நோய் என்றார் பிளாட். அது மனிதரின் உயரத்தைப் போன்றது, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தீர்மானிப்பது என்றார் பிக்கரிங். லிடில் நோய் போல ஒற்றை மரபணுப் பிழையால் கொதிப்பு வருகிற குடும்பங்கள் உண்டு, ஆனால் அவை மிக அபூர்வம். மற்றபடி பிக்கரிங் சொன்னதே நிலைத்தது. ரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு இடங்கள் ஆயிரத்துக்கு மேல் இன்று தெரியும். அவற்றில் பெரும்பாலானவை தனியாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட அழுத்தத்தை ஏற்றுவதில்லை. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துக் கணக்கிட்டவர்கள், ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை மரபு என்கிறார்கள். மிச்சத்தை எங்கே தேடுவது?

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் டால் என்பவர் எலிகளுக்கு உப்பு அதிகமாகக் கொடுத்து, கொதிப்பு ஏறியவற்றைத் தனியாகவும் ஏறாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவிட்டார். சில தலைமுறைகளிலேயே இரண்டு வம்சங்கள் பிரிந்துவிட்டன. ஒன்று உப்புக்குத் துவண்டுவிடும், மற்றது அசைந்துகொடுக்காது. அந்த இரண்டு வம்சத்து எலிகளையும் 1976இல் ஃபிரீட்மன், இவாய் என்ற இருவர் வேறு விதமாகச் சோதித்தார்கள். பசித்த எலி சாப்பாட்டுக்காக நெம்புகோலை அழுத்த வேண்டும், அழுத்தினால் சில வேளை மின்அதிர்ச்சியும் கிடைக்கும். சாப்பிடாமலும் இருக்க முடியாது, பயமில்லாமல் சாப்பிடவும் முடியாது. இந்த இக்கட்டை நாள்கணக்கில் அனுபவித்த எலிகளில் உப்புக்குத் துவளும் வம்சத்துக்கு மட்டும் அழுத்தம் ஏறியது. மற்ற வம்சமும் பட்டது அதே பாடுதான், அதற்கு ஏறவில்லை.

எலியின் கதை மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம்தான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் லைட்டும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. இளைஞர்களை உட்காரவைத்து, ஒருவரோடொருவர் போட்டியிடும்படி மூளைக்கு வேலை கொடுத்தார்கள். அதற்கு முன்பும் அந்த நேரத்திலும் சிறுநீரில் எவ்வளவு சோடியம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். பெற்றோருக்குக் கொதிப்பு இருந்தவர்களுக்கும், தங்களுக்கே அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கும் போட்டி நேரத்தில் சோடியம் வெளியேறுவது குறைந்தது. அப்படி எந்த ஆபத்தும் இல்லாத இளைஞர்களுக்குக் குறையவில்லை.

கைகோக்கும் இடம் இதுதான். மனசு பதறும்போது சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. வெளியே போக வேண்டிய உப்பைச் சிறுநீரகம் பிடித்துவைத்துக்கொள்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், அழுத்தம் ஏறும். பதற்றம் தீர்ந்தால் உப்பும் போய்விடும். தீராத பதற்றம் என்றால்? அப்பா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவது 150/95 என்ற எண்ணை அல்ல. பதறும்போது உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் சுபாவமுள்ள ஒரு சிறுநீரகத்தை அவர் கொடுத்திருக்கலாம். பிள்ளை தினமும் பதற வேண்டியிருக்கிறதா என்பது அவன் பார்க்கும் வேலையையும், கட்ட வேண்டிய கடனையும், குடியிருக்கும் வீட்டையும் பொறுத்தது.

தவிரவும், குடும்ப வியாதி என்கிறோமே, அந்தக் குடும்பம் ரத்தத்தை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? ஒரே ஊறுகாய் ஜாடி, ஒரே கருவாட்டுக் குழம்பு, ஒரே வட்டிக்காரர்.

இத்தாலியின் உம்பிரியா பகுதியில் நடந்த ஓர் ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மடத்தை விட்டு வெளியே வராத 144 கன்னியாஸ்திரீகளையும், அதே பகுதியில் குடும்பம் நடத்தும் 138 பெண்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஆரம்பத்தில் இரு தரப்புக்கும் அழுத்தம் ஒன்றுபோலத்தான் இருந்தது. குடும்பத்தில் கொதிப்பு உள்ளவர்கள் இரண்டிலும் அதே அளவுக்கு இருந்தார்கள், சிறுநீரில் போகும் உப்பிலும் வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறக் குடும்பப் பெண்களுக்கு அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மடத்துப் பெண்களுக்கு அநேகமாக ஏறவே இல்லை. யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு மடத்துக்குப் போவதில்லை, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும், வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்று இனி என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் நூற்பாலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்து இறந்தவர். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்ததும் அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். கண்ணை மூடும்போது சுயஉதவிக் குழுத் தவணைக்கு ஆள் வந்து கூப்பிடும். அவரிடம் போய், "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார் ஒரு மருத்துவர். "ஆகணும்னு எனக்கென்ன ஆசையா தம்பி?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. பதில் சொல்ல வேண்டியவர் அவரல்ல. டென்ஷனைத் தனிமனிதரின் குணக்கேடாகப் பார்ப்பது அநியாயம் என்று எனக்குப் படுகிறது. நெம்புகோலை வடிவமைத்தவரை விட்டுவிட்டு எலியைக் கண்டிப்பதில் என்ன பயன்?

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கிறது, மாரடைப்பைத் தடுக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அப்பா அம்மாவில் ஒருவருக்குக் கொதிப்பு இருந்தாலும் பிள்ளைகள் தலைசுற்றல் வரும்வரை காத்திருக்காமல் இளவயதிலேயே அளந்து பார்க்க வேண்டும், உப்பிலும் கையை இறுக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் யார் எப்போது தூங்குகிறார், யார் தலையில் எவ்வளவு பாரம் என்பது மருத்துவமனையில் இருக்கும் டாக்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எண்ணோடு சேர்த்து அதையும் எழுதி டாக்டரிடம் கொடுக்க ஒரு வழி செய்தால் என்ன?

அக்கா இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். இவருக்கு ராத்திரி ஷிப்ட் கூடாது என்று வேறொரு டாக்டரிடம் கடிதம் எழுதி வாங்கி மில்லில் கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.